மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை

காவிரிப் படுகையில் எண்ணெய் பட்டுச் செத்த மீன் என்று ஒன்று கிடையாது. செத்து மிதந்திருக்கலாம், நாறியிருக்கலாம், வாய்க்கால் கரையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தியிருக்கலாம். அதெல்லாம் வேறு விஷயம். அறிக்கையில் கிடையாது. அறிக்கையில் இல்லாதது நடக்கவே இல்லை என்பதுதான் இந்த நாட்டில் இதுவரை ஒரு திருத்தமும் செய்யப்படாத சாசனம்.

நன்னிலம் பக்கத்து ஆளுக்கு இது விளங்க நாளாகும். முடிகொண்டான், வாஞ்சியாறு, நாட்டாறு, திருமலைராஜன், அரசலாறு என்று கூப்பிடு தூரத்துக்கு ஓர் ஆறு ஓடும் வட்டாரம் இது. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால், புதுத்தண்ணீர் வந்து சேரும் நாளை இங்கே நெல்லுக்குக் காத்திருப்பவர்கள் மட்டும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். மடையில் பறி வைப்பவர்களும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். கெண்டை ஏறும், கெளுத்தி ஏறும், குரவை சேற்றை விட்டு வெளியே வரும். இப்படி வளர்ந்தவனிடம் போய் "எண்ணெய்க் குழாய் உடைந்தது உண்மைதான், மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னால், அவன் கேட்பது ஒன்றுதான்: "யாரு பாத்தீங்க?"

யாரும் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் ஒன்றும் ஆகவில்லை. இதைவிடச் சிக்கனமான மருத்துவம் உலகத்தில் உண்டா?

வயலில் எண்ணெய் பரவினால் நடப்பது வேறு. வருவாய் ஆய்வாளர் வருவார், கிராம நிர்வாக அலுவலர் வருவார், வேளாண்மைத் துறையிலிருந்து ஒருவர் வருவார். சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்பார்கள். எத்தனை ஏக்கர், என்ன பயிர், எத்தனை நாள் பயிர் என்று எழுதிக்கொள்வார்கள். வரும் பணம் குறைவாக இருக்கும், தாமதமாக வரும். இருந்தாலும் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. மீனுக்குக் கட்டம் இல்லை. மீனுக்கு சர்வே எண் இல்லை, உட்பிரிவு இல்லை, பட்டா மாறுதலும் இல்லை. குளத்தை மீன்பாசி குத்தகைக்கு எடுத்தவரிடமாவது ஒரு ரசீது இருக்கும். வாய்க்கால் மீனுக்கு அதுவும் கிடையாது. நடவோ களையோ முடித்து வீடு திரும்பும்போது, மடியில் நாலு கெண்டையை முடிந்துகொண்டு போகும் அம்மாளுடையது அது. அந்த அம்மாளுக்கும் பட்டா கிடையாது. பட்டா இல்லாத மீனைப் பட்டா இல்லாதவர் குழம்பு வைத்தால், அதில் அரசாங்கம் எங்கே வருகிறது?

எண்ணெய் நிறுவனங்களுக்கும் அவற்றைக் கண்காணிக்கச் சம்பளம் வாங்குபவர்களுக்கும் உதவியாக ஒரு சிறு கையேடு தொகுத்திருக்கிறேன். காப்புரிமை கேட்கவில்லை. எல்லாம் அவர்கள் சரக்குதான், அடுக்கியது மட்டும் நான்.

பாடம் 1: கசிவை முந்திக்கொண்டு மறுப்பு போக வேண்டும்

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குச் சேதமில்லை என்று துறைமுகத்தின் அறிவிப்பு வந்தது. பின்னாலேயே கரைக்குக் கறுப்பாக எண்ணெயும் வந்தது. அறிவிப்பைப் படித்துவிட்டு எண்ணெய் திரும்பிப் போயிருக்க வேண்டும்; அதற்குப் படிப்பறிவு இல்லை. இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள்.

2023 மார்ச் 2-ல் நாகூர் பட்டினச்சேரியில் சி.பி.சி.எல். நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து கடலில் கலந்தது. நன்னிலத்து ஆறுகள் போய்ச் சேரும் அதே கடல். அடைத்தோம் என்றார்கள், மறுபடி கசிந்தது. குழாயையே பிடுங்கி எடு என்று மீனவர்கள் தொழிலுக்குப் போகாமல் உட்கார்ந்த பிறகுதான் நிறுவனத்துக்குக் காது கேட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது. எங்கள் குழாய்களில் கசிவில்லை என்றது சி.பி.சி.எல். முதலில். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பசுமைத் தீர்ப்பாயமும் நிறுவன வளாகத்தின் பக்கம் விரலை நீட்டிய பிறகு சுருதி மாறியது. அந்த ஆகஸ்டில்தான் நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் கலம் இறக்கியிருந்தோம். டிசம்பரில் எண்ணூர் மீனவர்கள் கையுறைகூட இல்லாமல், குளியலறைக் குவளையால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நம் தொழில்நுட்பம் எப்போதும் மேலேதான் போகும், கீழே வராது.

பாடம் 2: எண்ணெயை நிறுத்த முடியாவிட்டால் ஆளை நிறுத்து

2017 ஜூன் 30. நன்னிலத்துக்கு வடமேற்கே, தஞ்சை மாவட்டத்தின் கதிராமங்கலம். ஓ.என்.ஜி.சி. குழாயிலிருந்து கச்சா எண்ணெய் வயலில் கொப்பளித்தது. கலெக்டர் வரட்டும் என்று ஊர் உட்கார்ந்தது. கலெக்டருக்கு முன்னால் போலீஸ் வந்தது. வைக்கோல் எரிந்தது, தடியடி நடந்தது, பேராசிரியர் த. ஜெயராமன் உள்பட பத்துப் பேர் கைதானார்கள். ஜாமீன் கிடைக்க வாரக்கணக்கானது.

கசிந்தது குழாய், சிறைக்குப் போனது ஊர். குழாய்க்கு ஜாமீன் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த அமளியில் "பக்கத்து வாய்க்காலில் மீன் எப்படி இருக்கிறது?" என்று யாராவது கேட்டிருந்தால், அவரையும் வண்டியில் ஏற்றியிருப்பார்கள். சட்டம் ஒழுங்கில் மீன் வராது.

பாடம் 3: கிடைக்காத இடத்தில் தேடு

இதுதான் கையேட்டின் உச்சம். இதில் கொஞ்சம் உயிரியல் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் சரியாகத் தவற விட முடியும்.

கச்சா எண்ணெயில் பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சுக் கூட்டம் இருக்கிறது. மீனின் உடம்பில் நுழைந்தால் ஈரல் அதை உடைக்கும். உடைந்த துண்டுகள் பித்தப்பைக்குப் போகும். அதனால் சதையில் மூல நச்சு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். எனவே நீங்கள் என்ன செய்ய வேண்டும்? சதையை மட்டும் எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். "அளவுக்குள் இருக்கிறது" என்று அறிக்கை வரும். பித்தத்தையும் ஈரலையும் மட்டும் தொட்டுவிடாதீர்கள். தொட்டால் உண்மை கையில் ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் மாதிரி எடுப்பதானால், கசிவு நடந்து ஆற்றில் இரண்டு முறை தண்ணீர் விட்ட பிறகு, நடு ஓட்டத்தில், ஆழத்தில் எடுங்கள். எண்ணெய் மேலேதான் இருக்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் ஆழத்தில் எடுக்கச் சொல்கிறேன்.

மேலே மிதக்கும் எண்ணெய் மீனை என்ன செய்யும்? விராலை எடுத்துக்கொள்வோம். விராலும் குரவையும் பனையேறிக் கெண்டையும் செவுளை மட்டும் நம்பி வாழ்பவை அல்ல. மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கீழே போகும். சேற்றிலும் குட்டையிலும் அவை பிழைத்துக் கிடப்பது அந்த ஒரு வாய்க் காற்றால்தான். மேலே எண்ணெய்ப் படலம் மூடினால், ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் படலத்தைத்தான் வாயால் கிழிக்க வேண்டும்.

இன்னும் கேளுங்கள். விரால் பூண்டுகளை விலக்கி, நீர்மட்டத்திலேயே கூடு கட்டி முட்டையிடும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இயற்கை வைத்த ஓர் எண்ணெய்த் துளி இருக்கிறது. அதனால் முட்டை மிதக்கும். பொரித்த குஞ்சுகள் பார்ப்பாக, சிவப்பாக, மேற்பரப்பிலேயே திரியும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். தவளை வந்தால் விரட்டும், பாம்பு வந்தால் பாயும். கச்சா எண்ணெய் வந்தால் என்ன செய்யும்? பிள்ளைகளை மிதக்க வைத்த அதே மட்டத்தில்தான் அதுவும் மிதக்கிறது.

முட்டைக்குள் என்ன நடக்கும் என்பது உலகத்துக்குத் தெரியும். 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டிய பிறகு, பல ஆண்டு அதைத்தான் ஆராய்ந்தார்கள். நூறு கோடிப் பங்கில் சில பங்கு நச்சே முட்டையில் இருக்கும் கருவைக் கெடுக்கப் போதும் என்று கண்டார்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோக்கும். முதுகெலும்பு வளையும். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த பிறகு சூரை மீனின் இதயச் செல்களை எடுத்துப் பார்த்தார்கள். துடிப்பை நடத்தும் பொட்டாசியம், கால்சியம் ஓட்டத்தையே எண்ணெய் தடுத்தது. பிழைக்கும் குஞ்சும் சும்மா பிழைப்பதில்லை; இதயம் கோணலாக வளரும், வேகமாக நீந்த முடியாது, கொக்குக்குச் சுலபமாக அகப்படும். சாவுச் சான்றிதழில் காரணம்: கொக்கு.

ஆகவே கசிந்த மறுநாள் வாய்க்காலுக்குப் போய், செத்த பெரிய மீன் நாலைந்து கூட இல்லையே என்று கைவிரிப்பது நல்ல உத்தி. அடுத்த வருஷம் பறியில் மீன் குறைந்திருக்கும். அடுத்த வருஷத்தை யாரும் ஆய்வு செய்ய வரமாட்டார்கள்.

பாடம் 4: இயற்கை மேல் பழி போடு, அது வழக்குப் போடாது

இந்தப் பாடத்தைக் கனடாவிடம் கற்க வேண்டும். ஆல்பர்ட்டா மாநிலத்தில் அத்தபாஸ்கா ஆற்றங்கரையில் மணலோடு தார் கலந்து கிடக்கிறது. 1967 முதல் அதை வணிகத்துக்காகத் தோண்டி, வெந்நீரில் கழுவி எண்ணெய் எடுக்கிறார்கள். கழுவிய நச்சு நீரை ஏரி ஏரியாகத் தேக்கி வைத்திருக்கிறார்கள். ஆற்றைக் கண்காணிக்க 1997-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். செலவைப் பெரும்பாலும் ஏற்றவர்கள் எண்ணெய் நிறுவனங்களே. பத்தாண்டுக்கு மேல் கண்காணித்தார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை, ஆற்றங்கரையில் இயற்கையாகவே தார் கசிகிறது, நச்சு அதிலிருந்துதான் என்றார்கள். ஆற்றின் கீழே ஃபோர்ட் சிப்பவையான் கிராமத்துப் பழங்குடி மக்கள் கட்டியும் புண்ணுமாகக் கிடைத்த மீன்களைத் தூக்கிக் காட்டினார்கள். அதுவும் இயற்கைதான் என்றார்கள் கண்காணித்தவர்கள்.

எரின் கெல்லியும் டேவிட் ஷிண்ட்லரும் கூட்டாளிகளும் நிறுவனக் காசு வாங்காமல் பனியையும் தண்ணீரையும் அள்ளிப் பார்த்தார்கள். 2009-லும் 2010-லும் முடிவு வெளியானது: ஆலைகளுக்கு அருகே போகப் போக நச்சு ஏறுகிறது. 2013-ல் ஏரி அடி வண்டலைப் படித்த இன்னொரு குழு, 1960-ஐ ஒட்டிய காலத்தைவிட இந்த நச்சின் வரத்து 2.5 முதல் 23 மடங்கு ஆகிவிட்டது என்றது. தார் மணல் வண்டலில் வளர்த்த, நம் கெண்டைக்குத் தூரத்து உறவான சிறு மீனின் முட்டைகள் செத்தன, பொரித்தவை உருக்குலைந்தன என்று 2004-லேயே ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. இயற்கையான தார்ப்படிவ வண்டலும் முட்டையைக் கெடுத்தது என்பது அதன் இன்னொரு முடிவு. இயற்கை என்று சொன்னால் விஷம் பால் ஆகிவிடாது. அப்படியிருக்க, இயற்கையே கசியும் இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

நம் ஊரில் இயற்கைக்குப் பதில் இன்னொரு பலி ஆடு தயார். "உங்க பூச்சிமருந்துதாங்க காரணம்." இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது நல்ல பொய். வயலில் அடிக்கும் மருந்து மீனைக் கொல்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் கச்சா எண்ணெய்க்குக் கைரேகை உண்டு. எந்த வேதிப்பொருள் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பார்த்தால், வண்டலில் கிடக்கும் எண்ணெய் எந்தக் கிணற்றுச் சரக்கு என்பது வரை சொல்ல வழி இருக்கிறது. திருட்டுப்போன வீட்டில் கைரேகை எடுக்காமல், வீட்டுக்காரனும் ஒரு காலத்தில் மாங்காய் திருடியவன்தானே என்று எழுதி வழக்கை முடிப்பதற்குப் பெயர் விசாரணையா?

பாடம் 5: அபராதம் வலிக்கக் கூடாது, சட்டம் கடிக்கக் கூடாது

மறுபடியும் ஆல்பர்ட்டா. இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் கேர்ல் சுரங்கத்திலிருந்து கழிவுநீர் கசிவது 2022 மே மாதமே தெரிந்துவிட்டது. ஆற்றின் கீழே மீன் பிடித்துத் தின்னும் மக்களுக்கு அது முழுதாகத் தெரிந்தது 2023 பிப்ரவரியில், இன்னொரு குளம் வழிந்து 53 லட்சம் லிட்டர் கொட்டிய பிறகு. ஒன்பது மாதம் அவர்கள் அந்த மீனைத் தின்றுகொண்டிருந்தார்கள். 2024-ல் ஒழுங்குமுறை ஆணையம் விதித்த அபராதம் 50,000 கனடிய டாலர். நிறுவனத்தின் 2023-ம் வருஷ லாபம் சுமார் 489 கோடி டாலர். கணக்குப் போட்டால் ஐந்தரை நிமிஷ லாபம். டீ ஆறுவதற்குள் கட்டிவிடலாம்.

நம்மிடம் இருப்பது இன்னும் நாகரிகமானது. 2020 பிப்ரவரியில் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இனிப்பு கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை; ஏற்கெனவே இருப்பவற்றுக்குப் பொருந்தாது. வீட்டுக்குள் புதுப் பாம்பு நுழையக் கூடாது, பரணில் இருப்பவை அப்படியே இருக்கட்டும் என்பது போல. கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம், நரிமணம் என்று வயலுக்கு நடுவே நிற்கும் பழைய கிணறுகளும், வரப்புக்குக் கீழே வருஷக்கணக்காகத் துருப்பிடிக்கும் குழாய்களும் சட்டத்தின் கண்ணுக்குப் பரம்பரைச் சொத்து. உடைவது பழைய குழாய்தானே, புதுக் குழாயா உடையும்?

அதற்கு முந்தைய மாதம், 2020 ஜனவரியில், நிலத்தில் எண்ணெய் தேடும் பணிகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்று ஒன்றிய அரசு அறிவிக்கை போட்டது. மக்களையே கேட்காதவர்கள் மீனைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தால் தப்பு நம்மேல்தான்.

கையேடு முடிந்தது. சிரித்தவர்கள் போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

வாய்க்கால் மீன் ஏழை வீட்டுப் புரதம். கறிக்கடைக்கு வாரம் ஒரு நாள்கூடப் போக முடியாத வீட்டில், பிள்ளைக்கு உடம்பில் சதை பிடிப்பது அந்த நாலு கெண்டையால். பிரசவித்த பெண்ணுக்கு இங்கே விரால் வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள். மீனைச் சோதிக்காமல் விடுவது மீனுக்குச் செய்யும் துரோகம் மட்டும் இல்லை. அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுப்பது. இதைக் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். கவனக்குறைவு ஒரு முறை நடக்கும். எண்ணூரில் ஒரே தவறு இரண்டு முறை, நாகூரில் அடைத்த குழாய் மறுபடி, கதிராமங்கலத்தில் குழாய்க்குப் பதில் ஊர்க்காரர்: இது வழக்கம். தெரியாமல் இருப்பது லாபமாக இருக்கும்வரை யாரும் தெரிந்துகொள்ள மாட்டார்கள்.

வழியில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். நாகப்பட்டினத்தில் மீனுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, 2012-ல் தொடங்கியது. நன்னிலத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மீனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேரலாம். ஆய்வகம் தூரத்தில் இல்லை. அனுப்பும் எண்ணம்தான் தூரத்தில் இருக்கிறது.

ஆகவே நன்னிலம், குடவாசல், பேரளம், பூந்தோட்டம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். எந்தக் குழாயில் எந்தக் கசிவு நடந்தாலும் மூன்று நாளைக்குள் கசிவுக்கு மேலேயும் கீழேயும் மீன், முட்டை, வண்டல் மூன்றும் எடுக்க வேண்டும். ஈரலையும் பித்தத்தையும் பார்க்க வேண்டும். அடுத்த புதுத்தண்ணீரிலும் திரும்பப் பார்க்க வேண்டும். செலவு நிறுவனத்துடையதாக இருக்கட்டும், ஆய்வு செய்பவர் நிறுவனத்துடையவராக இருக்கக் கூடாது. முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். இழப்பீட்டுப் படிவத்தில் மீன்பாசி குத்தகைக்காரருக்கு ஒரு கட்டமும், வாய்க்கால் மீன் பிடித்துத் தின்னும் நிலமில்லாத குடும்பத்துக்கு ஒரு கட்டமும் சேர்க்க வேண்டும்.

தீர்மானத்தை யாராவது எதிர்த்தால் சண்டை போட வேண்டாம். எதிர்த்தவர் பெயரையும், அவர் சொன்ன காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்து வாருங்கள்.